அம்மா இடது கையால் சுழற்றிய இஞ்சின்

டீசல் வாடை துணியில் ஏறிவிட்டால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது. எனக்குப் பத்து வயதான அந்த மாசி மாதம் முழுக்க அம்மாவின் புடைவை, என் பாவாடை, நாங்கள் படுக்கும் பாய் எல்லாமே அந்த வாடைதான் அடித்தன. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே எங்கள் கிணறும், அதன் பக்கத்தில் ஓலைக் கொட்டகைக்குள் ஓர் ஆயில் இஞ்சினும், அதை நம்பி மார்கழியில் விதைத்த ஒன்றரை ஏக்கர் 'மல்லாட்டை'யும் இருந்தன. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. விதைத்தவர் அப்பா. பொங்கல் கழிந்த பத்தாம் நாள், மூன்றே நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார்.

போன ஐப்பசியில் அம்மா எண்பத்தெட்டு வயதில் மறைந்தபோது, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் 'நெறஞ்ச வயசு' என்று சொல்லி என்னைத் தேற்றினார்கள். நிறைந்த வயதுதான். ஆனால் எனக்கென்னவோ அம்மா என்றதும் நினைவுக்கு வருவது முப்பத்து நாலு வயதில், வாடத் தொடங்கிய மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்தான்.

முதல் இரண்டு தண்ணீருக்குச் சித்தப்பா வந்து இஞ்சினைக் கிளப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை சொல்லி அனுப்பியும் வரவில்லை. நாலு நாள் கழித்து வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"எத்தினி நாளிக்கு அண்ணி நான் ஓடியாந்துக்கினு இருப்பேன்? நெலத்த என்கிட்ட உட்டுடுங்க. வருசா வருசம் சாப்பாட்டுக்கு நெல்லு போட்டுட்றேன். புள்ளைய வெச்சிக்கினு நிம்மதியா இருங்க."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி விட்டுக்கொடுத்த நிலம் திரும்பி வந்ததாக எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "இந்த மல்லாட்டைய எடுத்துட்டுச் சொல்றேன் தம்பி" என்று மட்டும் அம்மா சொன்னாள்.

மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அந்த இஞ்சினைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பிடியைச் செருகி முழு பலத்தோடு சுழற்ற வேண்டும். சக்கரம் வேகம் பிடித்ததும், இஞ்சின் தலையில் இருக்கும் சிறிய இரும்புப் பிடியை இன்னொருவர் தட்டிவிட வேண்டும். அப்பாவுக்கு அதைத் தட்டிவிடுவது எப்போதும் அம்மாதான். அன்று அம்மா சுழற்றினாள், நான் பிடியருகே நின்றேன். மூச்சு வாங்கச் சுழற்றுகிறவளின் முகத்தைப் பார்த்த பயத்தில், அவள் "தட்டு" என்று சொல்லும் முன்பே தட்டிவிட்டேன். வேகம் ஏறாத சக்கரம் பின்னுக்கு எகிறியது. கைப்பிடி அம்மாவின் வலது மணிக்கட்டில் அடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

எலும்பு விரிசல் விட்டிருந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும், "நான்தான் கை வழுக்கி உட்டுட்டேன்" என்றே அம்மா சொன்னாள். நான் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "பொம்பள சுத்துற மிசினா அது?" என்றார் சித்தப்பா.

பூ உதிர்ந்து, காய் பிடிக்கிற விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம் அது. அப்போது மண் காய்ந்திருந்தால் விழுது உள்ளே இறங்காது, செடி மட்டும் நிற்கும். அம்மா கட்டுப் போட்ட கையோடு என்னை அழைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். இஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். அப்பாவைத் தெரிந்தவர். அம்மா கேட்டதும் முதலில் சிரித்துவிட்டார். பிறகு அவள் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"கட்ட வெரல மடக்கிப் புடிச்சிருப்பம்மா நீ. அதான் பேஜாரு. நாலு வெரலோட சேத்து ஒரே பக்கமா வெச்சிக்க. எகிறுனா கை தானா வெளிய வந்துடும்."

பட்டறையில் நின்றிருந்த இஞ்சினில் இடது கையால் சுழற்றிப் பார்க்கச் சொன்னார். அம்மா சுழற்றினாள். நாலைந்து ஆண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த நாள் கொட்டகைக்கு வர மாட்டேன் என்று நான் அழுதேன். "வேற யாரனா கூப்புடும்மா, நான் மறுபடியும் தப்பா தட்டிடுவேன்" என்றேன். அம்மா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வேற யாருடி இருக்காங்க நமக்கு? நீதான் தட்டணும். தப்பாப் போனா போவுது, நான் கைய எடுத்துக்கறேன். இப்பத்தான் எனுக்குத் தெரியுமே."

இரண்டு முறை பிடிக்கவில்லை. மூன்றாவது முறை அவள் "தட்டு" என்று கத்தியபோது தட்டினேன். இஞ்சின் இருமிக்கொண்டே பிடித்தது. கொட்டகை அதிர்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து விழுந்ததும் அம்மா அதிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்பா செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. சித்திரையில் செடி பிடுங்கியபோது கொத்துக் கொத்தாகக் காய் வந்தது. நிலத்தைப் பற்றிச் சித்தப்பா அதன் பிறகு பேசவே இல்லை.

அந்த நிலத்தில் பயிர் வைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். எனக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்து, கல்யாணமாகி அங்கேயே குடியிருந்தபோதும் அவள் ஊரை விட்டு வரவில்லை. ஒரே ஒரு தடவைதான் வந்து தங்கினாள். என் மகள் கல்யாணம் முறிந்து வீடு திரும்பிய சமயம் அது. உறவுக்காரர்கள் போனில் காரணம் கேட்டுக் குடைந்துகொண்டிருக்க, எழுபத்தெட்டு வயதில் தனியாகப் பஸ் ஏறி வந்து இறங்கினாள். மூன்று மாதம் பேத்தியின் அறையிலேயே படுத்தாள். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்க வாயெடுத்தபோதும், "மொதல்ல அவ நல்லா துன்னுட்டுத் தூங்கட்டும்" என்று அடக்கிவிட்டாள். ஏன் எதுவுமே கேட்கவில்லை என்று மகள் பின்னால் ஒருநாள் விசாரித்தாளாம். "ஒங்க தாத்தா போனப்ப வந்தவங்க அல்லாரும் என்ன ஆச்சின்னு கேட்டாங்க. ஒருத்தரும் கூட ஒக்காரல" என்றாளாம் அம்மா. என் மகள் இன்று வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள். அந்த மூன்று மாதத்தை அவள் மறக்கவில்லை.

இப்போது கிணறு தூர்ந்துவிட்டது. பக்கத்துக் கொல்லையெல்லாம் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் சுவிட்சைத் தட்டினால் போர் தண்ணீர் வருகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. யாருடைய மணிக்கட்டும் உடைய வேண்டாம்.

போன மாதம் எனக்கு முதுகில் அக்கி கண்டது. மகள்தான் டாக்டரிடம் அழைத்துப் போனாள். "சின்ன வயசுல அம்மை போட்டிருக்காம்மா?" என்று கேட்டார் டாக்டர். "தெரியலைங்க, எங்க அம்மாவக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. டாக்டர் தலையைக் குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மகள் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.