வெள்ளிக்கிழமை மட்டும் நிற்காத கம்ப்யூட்டர்

நின்றுபோன கம்ப்யூட்டரை ஓட வைப்பதுதான் இன்று எனக்குச் சோறு போடுகிற வேலை. ஆபீசில் யாருடைய திரையாவது இருண்டுவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சரிசெய்து கொடுத்ததும், "எங்கே கத்துக்கிட்டீங்க மேடம்?" என்று கேட்பார்கள். ஏதோ ஒரு கோர்ஸின் பேரைச் சொல்லி மழுப்பிவிடுவேன். நான் முதன்முதலில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தது தாராவியில், ஒன்பது வயதில். அதைப் பெருமையாகச் சொல்ல இன்றுவரை வாய் வந்ததில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பர்ஸ் தைத்துப் பிழைத்த குடும்பம். கீழே வாப்பாவின் பட்டறை, மேலே எங்கள் வீடு, இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்பு ஏணி. வீடு என்றால் ஒரே அறைதான், சமையலுக்கு ஒரு தடுப்பு. அதில் வாப்பா, உம்மா, மாட்டுங்காவில் காலேஜ் படித்த காக்கா, பதினேழு வயது லாத்தா, கடைக்குட்டியாக நான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன், லாத்தா என்றால் அக்கா. லாத்தாவைப் பத்தாவது முடித்ததும் நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் முதல் மூன்றுக்குள் வருகிறவள். நிறுத்தியபோது அவள் அழவில்லை என்று உம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நாள் முழுக்கப் பர்ஸுக்கு உள்துணி ஒட்டுவது அவள் வேலையாயிற்று. அவள் விரல்களில் எப்போதும் சொல்யூஷன் பசையின் வாடை அடிக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், துபாயிலிருந்த மாமா காக்காவுக்காக ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தனுப்பினார். இப்போதைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். தடித்த பலகை ஒன்று, அதன் மேல் எழுத்துக் கட்டைகள், அவ்வளவுதான். வீட்டு டிவிதான் அதற்குத் திரை. எழுதியதைப் பத்திரப்படுத்த டேப்ரிக்கார்டரில் கேசட் போட வேண்டும். பட்டறை ஆட்களெல்லாம் ஏணியேறி வந்து வரிசையாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் சந்திலேயே கம்ப்யூட்டர் உள்ள வீடு நாங்கள்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அந்தச் சனியன் நின்று நின்று போயிற்று. காக்கா சாயங்காலம் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து நாற்பது வரி தட்டியிருப்பான். திரை ஒரு துடி துடிக்கும், இருளும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோலப் புதிதாக ஆரம்பிக்கும். நாற்பது வரியும் போச்சு. காக்கா தலையில் அடித்துக்கொள்வான். சூடாகிறது என்று டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே வைத்தான், நாங்கள் புழுங்கிச் செத்தோம். மீன் பொரிக்கிற புகைதான் காரணம் என்று உம்மாவோடு சண்டை போட்டான். உம்மாவோ கண்பட்டுவிட்டது என்று சாம்பிராணி காட்டி, ஓதிய கயிறு ஒன்றை வயரில் கட்டிவிட்டாள். குர்லாவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து மிஷினைத் தன் கடைக்கு எடுத்துப்போனார். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து, "மஷின் ஏக்தம் டீக் ஹை பாய்" என்று, மிஷினில் ஒரு குறையும் இல்லையென்று சத்தியம் செய்தார். அவர் ஏணி இறங்குவதற்குள் அது நின்றுபோயிற்று. காக்கா அவரை ஃப்ராடு என்றான். பாவம், அந்த மனுஷன் சொன்னது அத்தனையும் உண்மை.

கடைசியில் காக்கா அலுத்துப்போய், "இது ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிக்கறவங்களுக்கு மாஹிம்ல ஒரு ஃபலூடா" என்று அறிவித்தான். வேறு யாரும் சட்டை செய்யவில்லை. நான் அன்றைக்கே கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன்.

நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் காக்காவுக்கு வந்ததுதான், ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவள் லாத்தா. வெள்ளிக்கிழமை பட்டறை ஆட்களும் வாப்பாவும் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள், காக்காவும் காலேஜிலிருந்து நேரே பள்ளிவாசலுக்குப் போய்விடுவான். தொழுகை, சாப்பாடு என்று இரண்டரை மணிக்குத்தான் திரும்புவார்கள். உம்மா தொழுதுவிட்டு அப்படியே கண்ணயர்வாள். எனக்குக் காலை ஷிப்ட் பள்ளிக்கூடம் என்பதால் பன்னிரண்டரைக்கெல்லாம் வீட்டிலிருப்பேன். கடைசிச் செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்ததும் லாத்தா மண்ணெண்ணெய் தொட்டு விரலிலிருந்த பசையைத் துடைப்பாள், சோப்புப் போட்டுக் கழுவுவாள், துப்பட்டாவில் ஈரம் போகத் துடைப்பாள். பிறகு வந்து உட்காருவாள். மூன்றாவது வெள்ளிக்கிழமையே அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். எனக்கு வாய்ப்பாடு வரவில்லை என்று, கேள்வி கேட்கிற ஒரு புரோகிராம் தானே எழுதினாள். ஏழெட்டு எவ்வளவு என்று திரை கேட்கும். சரியாகச் சொன்னால் மாஷா அல்லாஹ் என்று வரும், தப்பாகச் சொன்னால் போடி மக்கு என்று ஆங்கில எழுத்தில் திட்டும். நாங்கள் இரண்டு பேரும் உம்மா எழுந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்த ஒன்றரை மணி நேரம் லாத்தாவின் முகம் வேறு முகமாக இருக்கும். இரண்டேகாலுக்கு அவளே கேசட்டில் ஏற்றிவிட்டு அணைத்துவிடுவாள். இன்னும் கொஞ்சம் என்று நான் கெஞ்சினாலும் கேட்கமாட்டாள்.

என் நோட்டில் மூன்று கட்டங்கள். கிழமை, மணி, அப்போது வீட்டில் என்ன நடந்தது. குக்கர் விசில், மழை, வாப்பாவின் இருமல், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் எழுதினேன். வாப்பாவின் இருமல் மேல்தான் எனக்கு முதலில் சந்தேகம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாக் கிழமையிலும் நின்றிருக்கிறது, வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் ஒருமுறைகூட இல்லை. இந்த மிஷினுக்கு ஆம்பிளைகளைப் பிடிக்காது என்று முடிவுகட்டி நோட்டில் எழுதியும் வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை லாத்தா அணைத்துவிட்டு எழுந்தபின் ஏணித் தலைப்பில் உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் திரும்பி வந்தார்கள். தோலின் ஓரத்தைச் சீவுகிற மிஷினை யாரோ போட்டார்கள். அதன் பெரிய மோட்டார் உறுமியது, எங்கள் பல்பு ஒருமுறை கண்ணடித்தது. நான் பிறந்த நாளிலிருந்து அந்த மோட்டார் உறுமுகிறது, அந்தப் பல்பு கண்ணடிக்கிறது. அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவர்கள் நாங்கள், யார் காதில் அது விழும்? எனக்குச் சட்டென்று விளங்கிற்று. சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

லாத்தாவிடம்தான் முதலில் காட்டினேன். அவள் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் ரெண்டு தடவை நின்னுச்சுன்னு எழுதிரு."

"நிக்கலையே லாத்தா!"

"நிக்கலைன்னு எனக்குத் தெரியும். நீ எழுதிரேன். நாம ரெண்டு பேரும் வச்சுக்கிடுவோம், யாருட்டயும் சொல்ல வேணாம்."

"பொய் எழுதக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு அவள் மேல் கோபமாக வந்தது. ஃபலூடாவைத் தான் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு அற்பப் புத்தி எனக்கு!

அன்று சாயங்காலமே அரங்கேற்றம். காக்காவைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, வாப்பாவையும் உம்மாவையும் கூப்பிட்டு நிறுத்தி, நான் ஏணித் தலைப்பில் நின்றுகொண்டு, "மோட்டார் போடுங்க!" என்று கீழே பார்த்துக் கத்தினேன். பல்பு கண்ணடித்தது, திரை சுருங்கி இருண்டது. நிறுத்தச் சொன்னேன், மறுபடி போடச் சொன்னேன். மூன்று தடவை. மூன்று தடவையும் நின்றது. காக்கா ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான்.

"ஷாபாஷ்! காலிபீலி, சும்மானாச்சும் அந்த குர்லாக்காரனைத் திட்டிட்டேனே!" என்றவன், சுவரோரம் உள்துணி ஒட்டிக்கொண்டிருந்த லாத்தாவைப் பார்த்து, "நாள் பூரா வீட்டுலதானே இருக்கே, உனக்குத் தோணலையா?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும் காக்கா" என்றாள் லாத்தா, துணியிலிருந்து பிரஷ்ஷை எடுக்காமலே.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று காக்கா கேட்டதற்கு, "ஒரு மிஷினுக்கு இன்னொரு மிஷினா? என் மோட்டார் ஓடினாத்தான் உங்களுக்குச் சோறு" என்று வாப்பா சொல்லிவிட்டார். காக்கா யோசித்துப் பார்த்தான். மிஷின் நல்ல மிஷின், கோளாறு நம் வீட்டுக் கரண்டில். செம்பூரில் அவனுடைய சினேகிதனுக்குக் காலனி வீடு, தனி அறை, அசையாத கரண்ட். அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி வந்தது. லாத்தாதான் கம்ப்யூட்டரைத் தன் பழைய துப்பட்டாவில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். மூலைகளை அவ்வளவு கவனமாக மடித்தாள், எனக்கே அலுத்துவிட்டது. டாக்ஸியில் இடமிருந்ததால் காக்கா என்னையும் ஏற்றிக்கொண்டான். திரும்பும் வழியில் மாஹிமில் ஃபலூடா, சேமியாவும் ரோஸ் சிரப்பும் மேலே ஐஸ்கிரீமுமாக.

கோளாறு இருந்தவரைதான் அது எங்கள் வீட்டில் இருந்தது. சரியென்று தெரிந்ததும் வெளியே போய்விட்டது. மோட்டார்தான் காரணம் என்று லாத்தாவுக்கு என்றைக்கோ தெரிந்திருக்கிறது. இரண்டேகாலுக்கு அவள் ஏன் அணைத்தாள் என்று நான் ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல மோட்டார் நின்றது, செருப்புகள் சந்தில் இறங்கின, உம்மா தொழுதுவிட்டுச் சாய்ந்தாள். லாத்தா விரலைத் துடைத்தாள், சோப்புப் போட்டுக் கழுவினாள், துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்து டிவி முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"லாத்தா, மறந்துட்டியா? அதான் செம்பூருக்குப் போயிருச்சே!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமால்ல" என்று அவளும் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டதால் ஒன்றுமில்லை என்று நினைத்து, நான் விளையாட இறங்கிப் போய்விட்டேன்.