யாரும் ஜெபிக்காத இடம்

கர்த்தருக்குள் எனக்கு அருமையானவர்களே, சபையில் எத்தனையோ முறை எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுந்து நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி கர்த்தரிடம் போய்விட்டாள். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவான். மருமகளும் பேத்தியும் என்னோடு இருக்கிறார்கள். பேத்தி அப்போது தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. அவள் பெயரை இதில் எழுதமாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

போன வருடம் ஜூலை மாதம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் சீருடை போட்டதும் வயிறு வலி என்பாள். மருமகளுக்குக் கோபம் வரும். "புது வகுப்பு போனதும் சாக்கு சொல்லக் கத்துக்கிட்டா மாமா. எல்லாம் அந்த போன் பண்ற வேலை" என்பாள்.

ஒரு சாயங்காலம் நான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பேத்தி வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வகுப்பில் சில பெண்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் செய்தால் கூடச் சேர்ப்பார்கள். செய்யாதவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். இவளுக்கு வைத்த பெயர் 'சர்ச் ஆன்ட்டி'. அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தோழி ஒருத்தியின் உடையைப் போட்டு, தலையை விரித்து ஒரு படம் எடுத்து, அவர்கள் சொன்ன பையனுக்கு அனுப்பியிருக்கிறாள். படத்தில் தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் அது வகுப்பில் எல்லோர் கைப்பேசிக்கும் போய்விட்டது, கீழே என்னென்னவோ எழுதி. என்ன எழுதினார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தக் கதையில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிச்சிடுவாரு. அம்மா அழும். உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன் தாத்தா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன் கண்ணு" என்றேன்.

அன்று ராத்திரி அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் சபையில் வெள்ளிதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். ஜெபத்துக்கு முன் ஒவ்வொருவரும் விண்ணப்பம் சொல்வது வழக்கம். முட்டிவலி, கிணற்றில் தண்ணீர் இல்லை, மகளுக்கு வரன் அமையவில்லை என்று வரிசையாக வரும். என் முறை வந்தது. பேத்தி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன்.

"நம் பிள்ளைகளுக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம். பெயர் சொல்ல விரும்பவில்லை. நம்மில் ஒருவருடைய வீட்டில், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை, கைப்பேசியில் போன ஒரு படத்தால் தவித்துக்கொண்டிருக்கிறாள்" என்றேன். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. ஒரு சகோதரி விம்ம ஆரம்பித்தார்.

எங்கள் சபையில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்திதான். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மருமகள் தலை நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

உண்மையை எழுதிவிடுகிறேன். என் துக்கம் நிஜம். பேத்திக்காக ஜெபம் வேண்டும் என்று நினைத்ததும் நிஜம். ஆனால் உருக்கமாகப் பேசுகிறவர் என்று எனக்குச் சபையில் ஒரு பெயர் உண்டு. குரல் உடைந்தபோது அதை நானே கேட்டேன். கேட்டு உள்ளுக்குள் கொஞ்சம் திருப்திப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் "எந்தப் படம்டி?" என்று கேட்டாள். பேத்தி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சகோதரிகள் ஒவ்வொருவராக வந்து அவள் தலையில் கை வைத்தார்கள். "ஜெபிச்சிக்கிட்டே இருக்கோம் பாப்பா. சாத்தான் இப்பல்லாம் போன் வழியாதான் வர்றான்." ஒருவர் குரலைத் தாழ்த்தி, அது என்ன மாதிரிப் படம் என்று கேட்டாராம். எல்லாம் அன்பில் செய்ததுதான். அவர்களில் ஒருவருடைய மகன் அதே பள்ளியில் படிக்கிறான். திங்கட்கிழமை பள்ளி பஸ்ஸில் அவளுக்குக் கிடைத்த வரவேற்பை நான் பிறகுதான் அறிந்தேன்.

"ஊரே முட்டி போட்டு உனக்கு ஜெபம் பண்ணுதாமே? எங்களுக்கு மேக்ஸ் டெஸ்ட் இருக்கு, அதுக்கும் ஒன்னு போடச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை காலை பள்ளி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் உள்ளே போகவில்லை. இன்று வரவில்லை என்று பள்ளியிலிருந்து மருமகளின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. பேத்தியின் கைப்பேசி அணைந்திருந்தது. மகன் ஓசூரிலிருந்து கிளம்பினான். மருமகள் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தாள்.

நான் கிணறுகளைப் பார்க்கப் போனேன்.

பிள்ளை காணாமல் போனது தருமபுரியில். எங்கள் காட்டுக் கிணற்றில் அவள் இருக்க வழியில்லை என்று அறிவுக்குத் தெரியும். கால் கேட்கவில்லை. எங்கள் பக்கம் கிணறுகள் அகலமானவை, சுற்றுச்சுவர் கிடையாது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் நின்று குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் தலைதான் தெரிந்தது. கடைசிக் கிணற்றுக்குப் பக்கத்து மோட்டார் ரூம் வாசலில் முட்டி போட்டேன்.

நாற்பது வருடமாக வார்த்தைகளைக் கோத்து ஜெபித்தவன் நான். அன்று ஒரு நல்ல வார்த்தைகூட வரவில்லை. "ஆண்டவரே, நான் பேசிட்டேன். நான் பேசிட்டேன். புள்ளையக் குடுத்துடுங்க" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ போலக் கேட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மருமகள்.

"மாமா, மிஸ் பேசினாங்க. எங்கன்னு தெரிஞ்சிடுச்சாம். வூட்டுக்கு வாங்க, வண்டி சொல்லியிருக்கேன்."

வகுப்பாசிரியை செய்ததை அப்புறம் கேட்டறிந்தேன். நானாக இருந்திருந்தால் வகுப்பையே எழுப்பி நிறுத்தி விசாரித்திருப்பேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "யார் என்ன பண்ணீங்கன்னு இப்ப நான் கேக்கல. யார் பேரும் வேண்டாம். அவ எங்க போயிருப்பான்னு மட்டும் வேணும். தெரிஞ்சவங்க வெளியே வந்து எங்கிட்டச் சொல்லுங்க" என்று வராந்தாவில் போய் நின்றிருக்கிறார். உடை கொடுத்த பெண்ணே அழுதுகொண்டு வந்திருக்கிறாள். அவள் குடும்பம் மொட்டை போடத் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போவது வழக்கம். முந்தின நாள் என் பேத்தி, அங்கே போக எந்த பஸ் என்று அவளிடம் கேட்டிருந்தாள்.

அந்தப் பெண் வாய் திறந்ததும் நான் முட்டி போட்டதும் ஒரே நேரமா என்று பிறகு ஆசிரியையிடம் கேட்டேன். "மணி பாக்கலைங்க சார்" என்றார். நானும் பார்க்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

அரூர் வழியாகப் போனோம். வழியில் ஆசிரியையும் ஏறிக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வந்த நாட்களிலும் நான் அந்த மலையடிவாரத்திலேயே நின்றுவிடுகிறவன். அன்று படி ஏறினேன். பாதி வழியில், பாறை நிழலில், சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குப் போகிறவர்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அம்மாவைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கொரங்கு டிபன் பாக்ஸைப் புடுங்கிட்டுப் போயிடுச்சும்மா." மருமகள் ஒரு அறை விட்டாள். விட்ட கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டாள். ஆசிரியை தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

நான் கொஞ்சம் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். "இங்க எதுக்குக் கண்ணு வந்த?" என்றேன்.

"இங்க நம்ம சபைக்காரங்க யாரும் வரமாட்டாங்க. எனக்காக யாரும் ஜெபம் பண்ணாத எடமா வேணும்னு தோணிச்சு."

"அப்புறம் என்ன செய்யலாம்னு இருந்த?"

"தெரியல தாத்தா."

அந்தத் 'தெரியல' என்னோடு வீட்டுக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

மகன் அவளை அடிக்கவில்லை. ஆசிரியை முன்னதாகவே அவனிடம் போனில் பேசியிருந்தார். சில நாளில் பள்ளி முதல்வர் என்னை அழைத்தார். காலைக் கூட்டத்தில் கைப்பேசியின் தீமை பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டுமாம். "நீங்க பேசினா எடுபடும் சார்" என்றார். பிள்ளைகள் வேண்டாம், பெற்றோரைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர்கள் முன்னால், பேத்திக்குக் கொடுத்த வாக்கை நான் மீறியதை மட்டும் சொன்னேன். பேத்தி சம்மதித்த அளவுக்குத்தான்.

ஒரு தகப்பன் எழுந்து, "அப்ப புள்ளைங்க பண்ணது தப்பில்லீங்களா சார்?" என்று கேட்டார்.

"தப்புதாங்க. ஆனா அதை நம்மகிட்டச் சொல்ல முடியலன்னா, சிரிக்கிறவங்ககிட்டத்தான் அதுங்க மாட்டிக்கும்" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படத்தை அழிக்க வைத்தார்கள். எல்லோரும் அழித்தார்களா என்று எனக்குத் தெரியாது. வகுப்பாசிரியை இப்போது மதிய இடைவேளையில் வராந்தாவில் நிற்கிறார். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். அங்கே பேசியது ஆசிரியர் அறைக்குப் போகாது. போகாது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள்.

எங்கள் போதகரும் இதைக் கேட்டு ஒரு ஏற்பாடு செய்தார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பற்றிய விண்ணப்பத்தை வாயால் சொல்வதில்லை. கை மட்டும் தூக்குகிறோம். முதலில் பலருக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்குத்தான் ரொம்பக் கஷ்டம். இப்போது எத்தனையோ கைகள் உயர்கின்றன. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பேத்தி என்னோடு வெகு நாள் பேசவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒருநாள், "தாத்தா, ஒன்னு சொல்லட்டுமா" என்றாள். பிறகு "வேணாம், விடுங்க" என்று போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. சில நாள் கழித்து அவளே வந்து சொன்னாள். அது என்னோடு இருக்கிறது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நானோ இன்றும் காட்டுப் பக்கம் போனால் கிணற்றை எட்டிப் பார்க்காமல் வருவதில்லை.

அருமையானவர்களே, என் அழகான ஜெபத்தால் காயம்பட்ட பிள்ளையை, என் உளறலைக் கேட்டுத் தேவன் திருப்பித் தந்தார். அவரை நம்புங்கள். அவருக்கு நாம் அறிவிக்கும் முன்பே எல்லாம் தெரியும். உங்கள் பிள்ளை உங்களிடம் ஒன்றைச் சொன்னால் அதைக் காத்துக்கொள்ளுங்கள். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் மறைக்கவே கூடாது. அப்போதும் முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, உதவக்கூடியவரிடம் மட்டும் போங்கள். மற்றதைக் கர்த்தரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அவருக்குக் கேட்கும்.

இதை எழுதி முடித்துப் பேத்தியிடம் கொடுத்தேன். முழுதும் படித்தாள். "போடலாம் தாத்தா" என்றாள். ஒரே ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்துக் கொடுத்தாள். அது எந்த வரி என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.