பழைய எண்பதும் புதிய எண்பதும்

அலுவலகத்தில் அவருக்கு 'இன்னொருதடவை அம்மா' என்று பட்டப்பெயர். எந்தக் கணக்கை நீட்டினாலும், "சரிதான், இன்னொரு தடவை பாத்துடலாமே" என்பார். கல்லூரி நுழைவுத் தேர்வு நடத்தும் அலுவலகம் அது. கேள்வி தயாரிப்பவர்கள் வேறு ஆட்கள். மதிப்பெண்களை அலசுவது அவர் வேலை.

நெடுங்காலமாக மாறாத தேர்வை மாற்ற முடிவானது. வினாத்தாள் பாதியாகச் சுருங்கும், மதிப்பெண் மட்டும் அதே நூறுக்குத்தான். ஆனால் பழையதை எழுதியவர்களும் புதியதை எழுதியவர்களும் ஒரே கல்லூரி வாசலில்தான் நிற்பார்கள். பழையதில் எண்பது வாங்கியவருக்குச் சமமாக, புதியதில் எவ்வளவு வாங்க வேண்டும்? அதைக் கண்டு சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

வீட்டில் மகள் பழைய மதிப்பெண்ணோடு மறுபடி விண்ணப்பிக்கக் காத்திருந்தாள். மகன் புதியதை எழுதப்போகிறவன். இதை இயக்குநரிடம் முன்பே சொல்லிவிட்டு, கேள்விகள் இருக்கும் அறைப்பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"அக்கா எழுதினதெல்லாம் ஒரு பரீட்சையா?" என்று மகன் சீண்டுவான்.

"பாதிப் பேப்பர் எழுதப்போற நீ பேசுறியா?" என்று மகள் பாய்வாள்.

ஒரு பள்ளி மண்டபத்தில் முன்னோட்டம் நடந்தது. ஒரே பிள்ளைகள் இரண்டு தேர்வையும் அடுத்தடுத்து எழுத வேண்டும். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். முதல் தேர்வை ஒழுங்காக எழுதினார்கள். இடைவேளைக்குப் பின் ஒருத்தி மேசையில் தலைசாய்த்தாள். பக்கத்து மாணவன் எல்லாவற்றுக்கும் மூன்றாவது விடையையே குறித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். கல்லூரிக்கு உதவாத பரீட்சைக்கு யார் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்?

"கணக்குல சரிக்கட்டிடலாம்மா. புதுத் தேர்வுத் தேதிய அறிவிச்சாச்சு" என்றார் இயக்குநர்.

"யோசிக்கவே யோசிக்காத பிள்ளையோட மார்க்க எந்தக் கணக்கு சார் சரிக்கட்டும்?"

"தள்ளி வச்சா மேல யாரு திட்டு வாங்குறது?"

"நான் வாங்கிக்கிறேன்."

வாங்கினார், காது புளிக்கும் அளவுக்கு. ஆனால் மறு முன்னோட்டத்துக்கு அனுமதியோடு திரும்பினார். இம்முறை இரண்டு தேர்வுக்கும் தனித்தனி நாள். எந்தப் பாடத்தில் பலம், எதில் தடுமாற்றம் என்று ஒவ்வொருவருக்கும் எழுதித் தருவதாக ஏற்பாடு. அவரே மாணவர்கள்முன் போய் நின்று, இது எதற்கென்று விளக்கினார்.

"எங்கண்ணன் போன வருஷம் எழுதினான், நான் அடுத்து எழுதப்போறேன்" என்றாள் ஒரு மாணவி. "இன்னைக்கு நாங்க ஏனோதானோன்னு எழுதினா யாருக்கு அடி?"

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு. யாருக்குன்னு எனக்கே தெரியாது. அதான் பயமா இருக்கு."

அன்று யாரும் தலைசாய்க்கவில்லை.

முடிவு வந்தது: புதிய தேர்வு கொஞ்சம் சுலபம். பழைய எண்பதைத் தொட, புதியதில் எண்பத்துமூன்று வேண்டும்.

புதிய தேர்வை எழுதி மதிப்பெண் வந்தபோது, "சொந்தப் பிள்ளைக்கே ஆப்பு வச்சுட்டியேம்மா!" என்று மகன் தட்டை நகர்த்தினான். விரும்பிய பாடம் அந்த மூன்று மதிப்பெண்ணில் அவனுக்குக் கைநழுவியது, வேறொன்றில் சேர்ந்தான். மகளுக்கு இடம் கிடைத்தது. இரண்டு நாள் அவன் அம்மாவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அவர் ஒரு மூலையில் அழுதார். எண்ணை மாற்ற மட்டும் நினைக்கவில்லை.

சேர்க்கை முடிந்ததும் பெற்றோர்கள் படையெடுத்தார்கள். பழையவர்களுக்கு அநியாயம் என்றார் ஒரு தந்தை. புதியவர்களுக்குத்தான் என்றார் ஒரு தாய். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, முன்னோட்டத்தில் கண்டதைப் பொறுமையாக விளக்கினார். கேள்வி கேட்டுக் கேட்டு, கடைசியில் இருவரும் ஒன்றாகவே எழுந்து போனார்கள்.

கதவோரம் நின்று கேட்ட இயக்குநர் சிரித்தார். "ரெண்டு பக்கமும் சமமா கோவிச்சுக்கிட்டு வந்தாங்க. அப்போ அளவு சரிதாம்மா."