தடம் விடாத வட்டு

அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் அக்கா குளிர்ச் சட்டை போடாமல் நின்ற கோலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தை மாதம். நிலமெல்லாம் பனி இறுகி வழுக்கிக்கொண்டிருந்தது. அக்கா என் பெரியம்மாவின் மகள். நோர்வேயில், ரொம்சோஸ் என்ற இடத்தில் அத்தானோடும் சின்ன மகளோடும் இருந்தாள். "ஜக்கற் எங்கையக்கா?" என்றேன். "உள்ளுக்குத் தொங்குது. போன் அதுக்குள்ளை கிடக்கு. நான் கதைக்கப் போறது அதுக்குக் கேக்கக்கூடாது" என்றாள். பல் கிட்டியது. குளிரால்தான் என்று நினைத்தேன்.

ஊரிலிருக்கும் பெரியம்மாவுக்கு அவள் வீட்டு மடிக்கணினியில் ஒரு மின்னஞ்சல் எழுதத் தொடங்கியிருக்கிறாள். 'இவரோடை இனி இருக்கேலாது அம்மா' என்று ஒரு வரி. அனுப்பப் பயந்து அழித்துவிட்டாள். அன்று பின்னேரம் அத்தான் புட்டைக் குழைத்தபடி, குரலை உயர்த்தாமல், அந்த வரியைச் சொல் பிசகாமல் சொன்னாராம். பிறகு, "இன்னும் கொஞ்சம் குழம்பு விடும்" என்றாராம். "அடிச்சிருந்தாலும் இப்பிடிப் பயந்திருக்க மாட்டன் பிள்ளை" என்றாள் அக்கா.

அவள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பிடித்து வைக்கும் ஏதோ ஒன்றை அத்தான் அந்த மடிக்கணினியில் ஏற்றியிருக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் சனத்தில் யாருடைய கணினி பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் எனக்கும் பயம் பிடித்தது. அதை நான் கழற்றினால் அவருக்குத் தெரிந்துவிடும். நூலகத்துக்குப் போகச் சொன்னால், போனவிடத்தைப் போன் காட்டிக்கொடுக்கும். போனை வீட்டில் விட்டால், ஏன் எடுக்கவில்லை என்று கேள்வி வரும்.

ஓர் அலுவலகத்தில் புதுக் கணினிகளுக்கு மென்பொருள் ஏற்றுவது என் தொழில். வேண்டிய மென்பொருள் பொதிகளை மட்டும் சேர்த்து நிறுவல் வட்டுச் செய்வது எனக்குப் பழகிய வேலை. அக்காவுக்கு நான் செய்ய நினைத்தது, வட்டைப் போட்டால் அதிலிருந்தே லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் ஓடும், அத்தான் ஏற்றியது எழும்பவே எழும்பாது, வட்டை எடுத்தால் கணினி பழையபடி இருக்கும் என்ற மாதிரியான ஒன்று. யூஎஸ்பி எதைக் கண்டாலும் அத்தான் போட்டுப் பார்ப்பார். சொந்தக்காரப் பெண்பிள்ளைகளின் பழைய சாமத்தியவீட்டுச் சடங்கு டிவிடிகளை அவர் தொடுவதில்லை என்று அக்கா சொன்னாள்.

முதலில் நான் நீக்கியது, லினக்ஸைக் கணினியிலேயே நிரந்தரமாக நிறுவும் மென்பொருளைத்தான். பதற்றத்தில் அவள் அதை அழுத்திவிட்டால் கணினியில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். பிறகு விளையாட்டுகள், அச்சு இயந்திரத்துக்கானவை என்று ஒவ்வொன்றாகக் கழித்தேன். உலாவி, தமிழ் எழுத்துரு, தமிழ் விசைப்பலகை, அவளுடைய கணினியின் வைஃபைக்குத் தேவையான பொதி, இவை போதும். முதல் வட்டில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அடுத்ததில் வைஃபை எழும்பவில்லை. அலுவலகத்தில் நான் பிழைவிட்டால் யாரோ ஒருவருக்கு அரைநாள் வேலை கெடும். இங்கே பிழைவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தபடி மூன்றாவது வட்டை எழுதினேன். சரியாக ஓடிய வட்டை ஒரு சாமத்தியவீட்டு உறைக்குள் வைத்துக் கொடுத்து, "இது ஒரு தடமும் விடாதக்கா" என்றேன்.

அத்தான் வேலைக்குப் போன நேரங்களில் அக்கா அந்த வட்டைப் போட்டுப் பெண்கள் காப்பகம் ஒன்றுக்கு எழுதினாள். எப்போது வந்தாலும் கதவு திறப்போம் என்று பதில் வந்தது. ஆனாலும் அவளுக்குக் கால் எழவில்லை.

சில கிழமை கழித்து லோறென்ஸ்கூக்கில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அத்தான் தட்டோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"உமக்குத்தானே உதெல்லாம் தெரியும். எங்கட லப்டொப்பிலை இடைக்கிடை நேரம் ஒரு மணித்தியாலம் பிந்திக் காட்டுது. ஏன்?"

அது என் வட்டின் வேலை என்று உடனே விளங்கியது. லினக்ஸ், கணினியின் உள்மணிக்கூட்டில் உலகப் பொது நேரத்தை எழுதிவிடும். நோர்வேயின் குளிர்கால நேரம் அதைவிட ஒரு மணித்தியாலம் முந்தியது. அதை மாற்ற ஒரேயொரு வரி போதும். அந்த வரியை நான் எழுத மறந்திருந்தேன்.

"பழைய லப்டொப்தானே அத்தான். உள்ளுக்கிருக்கிற பற்றரி சாகப்போகுது போலை."

"சாகிற பற்றரி சரியாய் ஒரு மணித்தியாலம் கணக்குப் பாத்தோ பிந்தும்?" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தபடியே முன்னுக்கு நின்ற அக்காவைப் பார்த்தார்.

சப்பாத்துகள் குவிந்து கிடந்த வாசலடிக்கு அக்காவைக் கூட்டிப் போனேன். "அவருக்குத் தெரிஞ்சிட்டுது. மணிக்கூடு காட்டிக் குடுத்திட்டுது." அக்கா அழவில்லை. "நீ காரிலையோ வந்தனீ?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். மகளைக் கூப்பிட்டுச் சப்பாத்துப் போட்டுவிட்டாள். உள்ளே கேட்கட்டும் என்று, "பிள்ளைக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதாம், வெளியிலை கொஞ்சம் காத்து வாங்கிக்கொண்டு வாறன்" என்று உரத்துச் சொன்னாள். போனைத் தொப்பிகள் வைக்கும் தட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு வெளிச்சமும் அத்தானின் கார் என்று நினைத்து ஓட்டினேன். அக்கா மகளின் தலையை மடியில் அமத்திப் பிடித்திருந்தாள். காப்பகத்துக் கதவு திறந்து, அவர்களை உள்ளே எடுத்து, பூட்டு விழும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன்பின் சில நாட்கள் அத்தான் என் வேலையிடத்துக்கு எதிரே காரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொலிசில் சொன்ன பிறகு வரவில்லை. குடும்பத்தைப் பிரித்தவள் என்று சொந்தக்காரர் சிலர் இன்றும் என்னோடு முகம் கொடுப்பதில்லை.

அக்கா இப்போது தூரத்து நகரமான பேர்கனில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். போன கோடையில் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்தவள், பாதியில் எழும்பித் தேத்தண்ணி போடப் போனாள். எழுதிய வரிகள் திரையில் அப்படியே கிடந்தன. மகளின் சிநேகிதிகள் மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, மடிக்கணினியை எட்டி மூடிவிட்டேன்.

தேத்தண்ணியோடு வந்த அக்கா என்னைப் பார்த்தாள். கோப்பையை என் கையில் தந்துவிட்டு மூடியைத் திரும்பத் திறந்தாள்.

"இஞ்சை ஒருத்தரும் பாக்கமாட்டினம்" என்றாள். "பாத்தாலும் பாக்கட்டுமன்."