மீனவர் தெருவில் நான்கு நாள்

அந்தப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு என் கணவர் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போது முதலில் சிரிப்புதான் வருகிறது. பச்சைக் கான்வாஸ் பை, கம்பெனியில் உடன் வேலை செய்த ஒருவரிடம் இரவல் வாங்கியது. மகாபலிபுரம் போகும் வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊரில் பஸ் மாறும்போது ஆளைவிடப் பெரிய பையோடு இப்படித்தான் நிற்பார்கள். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த காலமெல்லாம் அவர்களைப் பார்த்துப் பார்த்து மனிதர் ஆசையை வளர்த்திருக்கிறார். பஸ்ஸில் ஏறித் திரும்பியதில் பின்னால் நின்றவர் மூக்கில் பை இடித்துவிட்டது. “இன்னா அண்ணாத்த, அமெரிக்காலேர்ந்து டைரக்டா வரியா?” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. உள்ளே இருந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்: புளிச்சோறு, இட்லிப் பொடி, இரண்டு தலையணை உறை, ஒரு சொம்பு. மகாபலிபுரம் போகிற ஒரு மணி நேரப் பயணத்துக்கு!

அன்று நான் மட்டும் சிரிக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. ஆவணி மாதம். அதற்கு மூன்று மாதம் முன்னால் வைகாசியில், ஏழாம் மாதத்திலேயே எனக்குக் குழந்தை இறந்து பிறந்தது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது பக்கத்தில் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். உயிரில்லாமல் பிறந்ததைத் தாய்க்குக் காட்டமாட்டார்கள். தகப்பனும் ஒரு பெரியவரும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து குளிப்பார்கள், அத்தோடு சரி. அழக்கூடாது, காரியம் கிடையாது, பேச்சும் கிடையாது. ஆனால் என் உடம்புக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் பால் சுரந்து கட்டிக்கொண்டது. மாமியார் மார்பில் மல்லிகைப்பூ வைத்து இறுக்கிக் கட்டினார், பால் வற்றிப்போவதற்கு. அன்றிலிருந்து எனக்கு மல்லிகை வாசனை ஆகாது.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஆணா, பெண்ணா? மாமியார், “தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற? அடுத்தது நல்லபடியா பொறக்கும், போ” என்றார். கணவரிடம் கேட்டால் தரையைப் பார்ப்பார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவார். ஒரு கூடம், ஒரு தடுப்புத் திரை, அதற்குள் ஆறு பேர் இருக்கும் வீட்டில் எங்கே வைத்துச் சண்டை போடுவது? இவர்கள் எல்லோருக்கும் தெரியும், பெற்றவளுக்கு மட்டும் சொல்லமாட்டார்கள் என்று எனக்குள் வெறுப்பு ஏறிக்கொண்டே போனது. அவரோடு பேசுவதை நிறுத்தினேன். நான் வாயை மூடிக்கொண்டால் அது எவ்வளவு பெரிய கோபம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

வேண்டுதல் என்று தன் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, “நாலு நாளு, நம்ம ரெண்டு பேரு மட்டும்” என்று அவர் கூப்பிட்டபோது நான் சரி என்றது கடல் பார்க்க அல்ல. தனியாகக் கிடைப்பார், கேட்டுவிடலாம். சொல்லவில்லையென்றால் அங்கிருந்தே புதுப்பட்டினம் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை. இந்த முடிவோடுதான் போனேன்.

லாட்ஜில் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். மூட்டை முடிச்சோடு வந்த உள்ளூர் ஜோடி என்றால் சந்தேகம்தானே? கடைசியில் மீனவர் தெருவில் ஒரு அக்கா மாடியில் அறை கொடுத்தார். கூரை அஸ்பெஸ்டாஸ், ஒரு பாய், குளிக்கக் கீழே கிணற்றடி. சீசன் இல்லாததால் கம்மி வாடகை. “ஓடி கீடி வந்துட்டீங்களா? நாளிக்கி எவனாவது கத்தி எட்த்துகினு வந்தா நா பேஜாராயிடுவேன்” என்றவர், என் தாலிக் கயிறு பழசாகி நைந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். பக்கத்து அறையில் ஒரு வெளிநாட்டு ஜோடி. விடிந்ததும் அலை மேல் ஏறி நிற்பதற்கென்று ஆளுக்கொரு நீளப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்குள் போய்விடுவார்கள். “அது மேல ஒரு நிமிசம் நிக்கறதுக்கு நாள் பூரா வுழுதுங்க. ஊட்ல சொல்ல ஆளில்ல போல” என்பார் அக்கா.

ஊர் சுற்றுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. முதல் நாள் அவர் கம்பெனிச் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். நான் கை சும்மா இருக்க முடியாமல் அக்காவின் சட்டி பானையெல்லாம் கழுவி வைத்தேன். பாறைகளைப் பார்த்தோம், கரையோரம் நடந்தோம், அந்த ஜோடி விழுவதை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். கேட்க வேண்டியதைத் தொண்டைவரை கொண்டுவந்து கொண்டுவந்து விழுங்கினேன். அவர் சொல்லிவிட்டால்? அதற்கும் பயமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் குழம்பு ஊற்றிக்கொண்டே அக்கா சாதாரணமாகக் கேட்டார்: “கொயந்த குட்டி இன்னா?” அவர் தலையைக் குனிந்துகொண்டு, “இன்னும் இல்லக்கா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் இல்லையா? அப்படியானால் நான் பெற்றது என்ன? தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அன்று முழுவதும் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் என் துணியை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே வந்தார். கட்டுமரங்களைக் கரையேற்றி வைத்திருந்த இடத்தில் திரும்பி நின்று கேட்டேன். “நீங்க பாத்தீங்க. நா பெத்தேன், எனக்குத் தெரியல. ஆணா பொண்ணா? சொல்லலன்னா இப்பிடியே புதுப்பட்டினம் பஸ் ஏறிடுவேன்.”

“நா பாக்கல” என்றார்.

பொய் என்றேன். அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். “சத்தியமா பாக்கல. துணில சுத்திக் குட்த்தாங்க. அவுக்காதடா, மொகத்த பாத்தா மனசுல நின்னுடும், அப்பறம் தூக்கம் வராதுன்னு பெரிப்பா சொன்னாரு. பாலாறு வரிக்கும் மடிலதான் வச்சிகினு போனேன். ஒரு தபா அவுக்கலாம்னு கை போச்சி. பயந்துட்டேன். இன்னி வரிக்கும் தூக்கம் வர்ல. நீ கேக்க சொல்லோ நா இன்னான்னு சொல்லுவேன்?”

அவர் தோளில் ஓங்கி அடித்தேன். ஒரு அடி அல்ல, நாலைந்து. வாங்கிக்கொண்டார். “அப்ப உங்களுக்கு இன்னாதான் தெரியும்?” என்று கத்தினேன்.

“கனம் தெரியும்” என்றார்.

தோளில் கிடந்த துண்டை விரித்தார். ஈர மணலை அள்ளி அள்ளிப் போட்டுச் சுருட்டி, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு ஒரு பிடி எடுத்தார். மறுபடி ஏந்தினார். அரைப் பிடி போட்டார். அரிசி அளக்கிற கடைக்காரர்கூட அவ்வளவு கவனமாக அளந்து நான் பார்த்ததில்லை. பிறகு அதை என் கையில் வைத்தார். “இவ்ளோதான். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மாடி, இவ்வளவுதானா! வயிற்றுக்குள் இருந்தபோது மூச்சு வாங்க வைத்தது, கையில் இவ்வளவுதானா? மூன்று மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. வாய்விட்டு, கூச்சமில்லாமல் அழுதேன். பலகையோடு வந்த அந்த ஜோடி எங்களைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. மீன் கூடையோடு வந்த அக்கா கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடம் என் கணவர், “நேத்து தப்பா சொல்லிட்டேங்க்கா. ஒண்ணு பொறந்துச்சி. தங்கல” என்றார். அக்கா என் முதுகைத் தடவி, “அழு தாயி. நல்லா அழு. கடலுக்கு மேலயா சத்தம் வந்துடப் போவுது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் துண்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். வெயில் சுடும்வரை வைத்திருந்து, பிறகு நானே அலையில் இறங்கி அவிழ்த்து விட்டேன்.

புதுப்பட்டினம் போகவில்லை. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் தன் அம்மாவிடம் கேட்டார். அம்மாவிடம் அவர் குரலை உயர்த்தி நான் கண்டது அன்று ஒருநாள்தான். “ஆணா பொண்ணா? இப்ப சொல்லு.” மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “நானும் பாக்கலடா. தாங்க மாட்டேன்னு அந்தாண்ட திரும்பிக்கினேன்.” மூன்று மாதமாக நான் வெறுத்த அந்த அம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நான்தான் போய்த் தண்ணீர் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் விசாரித்தால், பழைய நோட்டில் இறந்து பிறந்தது என்று மட்டும் இருந்தது. சுற்றிக் கொடுத்த ஆயா வேலையை விட்டுப் போயிருந்தார். தான் தாங்கமாட்டோம் என்றும் இன்னொருவர் தாங்கமாட்டார் என்றும் நினைத்தே எங்கள் வீட்டில் ஒருவருமே அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இன்றைக்கு அந்தக் கரையில் அலைப்பலகை கற்றுக்கொடுக்க வரிசையாகக் கடைகள். மீனவர் பிள்ளைகள்தான் வாத்தியார்கள், வெள்ளைக்காரர்களைவிடக் கம்பீரமாக நிற்கிறார்கள். போன மாதம் என் மகன் தன் மனைவியோடு அங்கே போய்த் தங்கிவிட்டு வந்து, நீயும் வந்திருக்கலாமே அம்மா என்றான். ஒரு தடவை போயிருக்கிறேன், போதும் என்றேன். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. என் கணவரும் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அந்தக் குழந்தை எவ்வளவு கனம் இருந்தது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்.