கணக்கப்பிள்ளைக்குக் காட்டிய குளிசை

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று முடிவு செய்வது, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் கணக்கப்பிள்ளை. ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை அவர் வாசிக்க மாட்டார். மருந்து உறையைப் பிரித்துப் பார்ப்பார். உள்ளே வெள்ளை மாத்திரை மட்டும் இருந்தால் அது நோயே இல்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான். சிவப்பும் கறுப்புமாகக் கலர் குளிசை இருந்தால் வீட்டில் படுக்கலாம். இந்தச் சட்டத்தை எந்தப் புண்ணியவான் போட்டானோ தெரியாது.

கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் மலையேறினால் வருகிற ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கிறவள். சன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மழையில் நனைந்து நிற்கும் கொழுந்து பறிக்கிற பெண்கள். தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று வருவார்கள். அந்தக் கலர் குளிசை அன்டிபயோட்டிக், தடிமனுக்கு அது வேலை செய்யாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், படித்துப் பாஸ் பண்ணியவள்தானே. ஆனால் "மிஸ், கலர் குளிசை போட்டுக் குடுங்க, இல்லாட்டி கணக்கப்பிள்ளை ஏசுவாரு" என்று கேட்டால் என்ன செய்வது? நானும் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள். டொக்டர் எழுதாத குளிசையை உறைக்குள் போட்டு, மூன்று வேளை, ஐந்து நாள் என்று என் கையால் எழுதியும் கொடுத்தேன். பெரிய தர்மம் செய்கிற நினைப்பு எனக்கு.

அதிகம் கொடுத்தது என் அண்ணிக்கு. அண்ணன் அவரைக் கட்டிவந்தபோது நான் ஏழாம் வகுப்பு. நான் மலைக்குப் போகாமல் படித்தது அண்ணி பறித்த கொழுந்தில்தான். அவருக்கு மூத்திரக் கடுப்பு அடிக்கடி வரும். மலையில் நாள் முழுக்க ஒதுங்க இடம் கிடையாது என்று தண்ணீரே குடிக்க மாட்டார். கடுப்பு என்று சொன்னால், சோதிக்கவும் சொல்லாமல் டொக்டரிடமும் காட்டாமல், நானே குளிசை கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டு நாளில் அடங்கிவிடும். என் கை ராசியான கை என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

போன வருடம் புது டொக்டர் வந்தார். சிங்களப் பெண், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். தேவையில்லாமல் அன்டிபயோட்டிக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும், பிறகு உண்மையாக நோய் வரும்போது எந்த மருந்துக்கும் கேட்காது என்று மூன்று மொழியிலும் எழுதி என் சன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடை தூக்காத ஆளுக்கு இதெல்லாம் சுலபம் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அந்தத் தாளுக்குக் கீழேயே கையை நீட்டிக் குளிசையும் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் அண்ணி நடுங்கிக்கொண்டு படுத்தார். இந்த முறை என் குளிசைக்குக் கேட்கவில்லை. கண்டிக்குக் கொண்டுபோனோம். அதற்குள் நோய் சிறுநீரகத்துக்கு ஏறி இரத்தத்திலும் கலந்திருந்தது. சோதனைத் தாளில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் நேரே, கிருமி இதற்குக் கேட்காது என்ற குறி. நான் கொடுத்துவந்த மருந்து முதல் வரியிலேயே இருந்தது. இதற்கு முன் என்ன மருந்து எடுத்தார் என்று வார்டு டொக்டர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். தெரியாது என்றேன்.

மிச்சமிருந்த ஒரே ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஆறாம் நாள் அண்ணி போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே முழுக்க மருந்து உறைகள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து, மூன்று வேளை, ஐந்து நாள். ஒன்றொன்றாகப் பிரித்தேன். எந்த உறையிலும் நாலைந்து குளிசைக்கு மேல் குறையவில்லை.

"கடுப்பு நின்னதும் நிப்பாட்டிருவா. மிச்சத்த எடுத்து வச்சிக்குவா," என்றார் அண்ணன். "ஏலாத நாளைக்குக் கணக்கப்பிள்ளைகிட்ட காட்டணும்ல."

நோய்க்குக் கொடுத்ததும் லீவுக்குத்தான் போயிருக்கிறது. என் குளிசையால்தான் கிருமி எந்த மருந்துக்கும் கேட்கவில்லை, அதை மறைக்கத்தான் வார்டில் பொய் சொன்னேன் என்று இப்போதாவது சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் டின்னை என் மடிப்பக்கம் தள்ளினார்.

"எல்லாம் நல்ல மருந்து, வீணாக்கிறாத தங்கச்சி. நீ குடுத்ததுலதான் அவ இத்தன வருசம் ஓடுனா. லயத்துல யாருக்காவது குடு."

சீ, என்ன பிறவி நான். சரிண்ணே என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.