மாமா ஓட்டாத ஜீப்

என் தாய்மாமா பட்டாளத்தில் ஜீப் ஓட்டியவர் என்பது தேவிபட்டினம் முழுக்கத் தெரிந்த சங்கதி. உண்மையில் அவர் அங்கே சோறு வடித்தவர். அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரிய வந்தபோது எனக்கே மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. இருந்தாலும் உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் முழித்த மாதிரி நீங்களும் முழிக்க வேண்டாம்.

யுத்தம் முடிந்ததும் அவர் நேராக எங்கள் வீட்டுக்கு, அதாவது தன் அக்காள் வீட்டுக்கு, வந்து இறங்கியிருக்கிறார். பர்மா எல்லையில் சேற்றுக்குள் ஜீப் ஓட்டிய கதையை அன்றே சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் நன்றாகக் கேட்டதால் மறுநாள் அதில் ஒரு ஆறு சேர்ந்துகொண்டது. எனக்குக் கதை கேட்கிற வயது வந்தபோது ஆற்றுப் பாலம் உடைந்துவிட்டிருந்தது, மேலே விமானம் சுற்றிக்கொண்டிருந்தது, பின் இருக்கையில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டீக்கடை பெஞ்சில் மாமா வந்தால் நகர்ந்து இடம் விடுவார்கள். ஊரில் ஜீப் என்று ஒன்று இல்லாத வரைக்கும் அந்த மரியாதைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

அதைக் கெடுக்க அய்யா கிளம்பினார். அய்யாவுக்குத் தொழில் வில்வண்டி. ராமநாதபுரம் ரயிலடியில் யாத்ரீகர்களை ஏற்றி வந்து, இங்கே கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கிற நவபாஷாணக் கற்களைச் சுற்றிக் கும்பிட வைத்து, திருப்புல்லாணி, சேதுக்கரை என்று கூட்டிப் போவார். பஸ் வந்த பிறகு வில்வண்டியில் ஏற ஆளில்லை. மாடுகள் உட்கார்ந்து தின்று கொழுத்தன, நாங்கள் இளைத்தோம். பஸ் நுழையாத கடற்கரை மணலுக்குள் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், இருக்கிற மாட்டையும் வண்டியையும் விற்றாவது வாங்கிவிடுவது என்று அய்யா முடிவுகட்டினார். ஓட்டுவதற்குத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே.

“இப்ப எதுக்கு மச்சான் அவசரம்?” என்றார் மாமா. பட்டாளத்து ஜீப்பைப் பார்த்த கண்ணுக்கு உள்ளூர் வண்டி பிடிக்கவில்லை போலும் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தரகர் இரண்டு பழைய ஜீப்புகளைச் சொன்னார். ஒன்று யுத்த காலத்தது. ராணுவ ஏலத்தில் போய், உப்பளத்துக்காரர் ஒருவரிடம் உழைத்துக்கொண்டிருந்தது. தவளை மாதிரித் தரையோடு பதிந்து உட்கார்ந்திருக்கும், முன்கண்ணாடியை மடக்கிப் படுக்கப்போடலாம். மற்றது அதற்குப் பின்னால் வந்த மாடல். ரோடு காண்ட்ராக்டர் ஒருவர் கொஞ்ச காலம் ஓட்டிக் கழித்தது. எஞ்சின் பெரிது என்பதால் பானெட்டும் உயரம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் போல மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். பையன்கள் நாங்கள் அதற்கு மூக்கு ஜீப் என்று பெயர் வைத்தோம்.

“மூக்கு ஜீப்பு புதுசு, பலமும் கூட. அதையே முடிச்சிருவமா மாப்பிள?” என்று அய்யா கேட்டார்.

“மூக்கு இம்புட்டு ஒசரமா இருந்தா முன்னால கெடக்குற பள்ளம் எப்பிடி மச்சான் தெரியும்? சேதுக்கரைக்கு ஏறுனவுகள நேரா கைலாசத்துல எறக்கி விட்டுருவோம்.”

அய்யா யோசித்துவிட்டு, “அப்ப யுத்த ஜீப்பு. நீங்க ஓட்டிப் பழகுனதுதான” என்றார்.

“அதுல எத்தன பேரு உசுரு போச்சோ. சாமி கும்பிட வாரவுகள செத்தவன் ஏறுன வண்டியிலயா ஏத்துறது?”

எந்த ஜீப் எங்கள் வீட்டை நெருங்குகிறதோ, மாமா அதற்கு விரோதி. புதியது என்றால் அது பட்டணத்து ரோட்டுக்குச் செய்தது. பழையது என்றால் உப்புக்காற்றில் உளுத்துப்போனது. இதையெல்லாம் நான் பெரிய ஞானம் என்று நம்பி, பள்ளிக்கூடத்தில் வரி பிசகாமல் ஒப்பித்தேன். மாமா ஓட்டும்போது நான்தான் பக்கத்தில் உட்காருவேன் என்றும், கணக்கு வாத்தியார் கைகாட்டினாலும் நிறுத்துவதாக இல்லை என்றும் அறிவித்திருந்தேன்.

கடைசியில் அய்யாவுக்கு அலுத்துப்போனது. ஒரு சனிக்கிழமை காலை இரண்டு ஜீப்பையும் கடற்கரைக்கே வரவழைத்துவிட்டார். சனிக்கிழமை என்றால் நவபாஷாணத்தில் கூட்டத்துக்குக் கேட்க வேண்டாம். சாமி கும்பிட வந்தவர்களும் கரையில் நின்று ஜீப்பைப் பார்த்தார்கள். தரகர் கூட்டி வந்த டிரைவர்கள் மணலில் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டினார்கள். மூக்கு ஜீப் உறுமிக்கொண்டு மணலை வாரி இறைத்தது. யுத்த ஜீப் சத்தமில்லாமல் நண்டு மாதிரிப் போய்விட்டு வந்தது. எது உசத்தி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது.

“மாப்பிள, நீங்க ஒரு சுத்துப் போயிட்டு வந்து சொல்லிருங்க. அதுதான் தீர்ப்பு” என்றார் அய்யா.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா வானத்தைப் பார்த்தார். “ராகு காலம் கழியட்டும் மச்சான்” என்றார்.

ராகுவும் நின்றுகொண்டிருக்கிற கடற்கரையில் இதை யார் மறுக்க முடியும்? எல்லோரும் காத்திருந்தார்கள். டிரைவர்கள் பதநீர் குடிக்கப் பனங்காட்டுப் பக்கம் போனார்கள். கடலைப் பார்த்து நின்றிருந்த யுத்த ஜீப்பில் நான் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கால் எட்டவில்லை. இருக்கையின் நுனிக்கு நகர்ந்து துழாவியதில் தரையில் ஒரு இரும்புக் குமிழ் தட்டுப்பட்டது. அதில் காலை ஊன்றினேன்.

ஜீப் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டு நகர்ந்தது.

நடந்தது இதுதான். அந்தக் குமிழ்தான் ஸ்டார்ட்டர். கைபிரேக் பிடிக்காத வண்டி என்பதால் டிரைவர் கியரிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். எஞ்சின் ஓடாமலே, பேட்டரியின் பலத்தில் மட்டும் வண்டி ஊர்ந்தது. காலை எடுத்தால் அந்த நிமிஷமே நின்றுவிடும். ஆனால் எனக்கு ஒரு சுபாவம் உண்டு. பதறினால், என்ன செய்துகொண்டிருக்கிறேனோ அதையே இன்னும் பலமாகச் செய்வேன். கரையில் யாரோ “ஏலே, பிரேக்க அமுக்குலே” என்று கத்தினார்கள். காலடியில் இருந்ததை நான் உயிரைக் கொடுத்து அமுக்கினேன்.

ஜீப் தண்ணீரில் இறங்கியது. அங்கே முழங்கால் ஆழக் கடலில் யாத்ரீகர்கள் ஈரத்துணியோடு கற்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது கிரகத்தையும் கும்பிட வந்தவர்களை நோக்கிப் பத்தாவது கிரகமாக நான் போய்க்கொண்டிருந்தேன். வேகம் ஒன்றும் பெரிதில்லை. பக்கத்தில் ஒரு நாய் நடந்தே வந்தது. ஆனால் நான் போட்ட கூச்சலுக்கு ரயிலே பிரேக் போட்டிருக்கும். வயதான யாத்ரீகர் ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

டிரைவர்களைக் காணோம். “பட்டாளத்தார் இருக்காக, விடுங்கப்பா” என்று கூட்டம் வழி விட்டது. வேறு வழியில்லாமல் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து தாவி ஏறினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடைந்த பாலத்தைத் தாண்டியவருக்கு இது எம்மாத்திரம்?

மாமா ஒரு கம்பியை இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பொத்தானைத் தட்டினார், ஆரன் அலறியது. இன்னொன்றைத் திருகினார், பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. எதையோ விடுவித்தார், முன்கண்ணாடி படீரென்று பானெட்டின் மேல் விழுந்தது. பிறகு என் காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“மருமவனே, குதிச்சிருவமா?”

என் பதிலுக்குக் காத்திராமல் அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்கினார். என் கால் குமிழை விட்டு எழும்பியது. ஜீப் நின்றது. கற்களுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் இருந்தது.

வண்டி நின்றுவிட்டது மாமாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். ஆரவாரத்தில் கரை அதிர்ந்தது. அந்தத் தட்டலில்தான் வண்டி நின்றது என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

அய்யா மட்டும் கை தட்டவில்லை. தண்ணீருக்குள் நடந்து வந்தார். வண்டிக்குள் எட்டி அந்தக் குமிழைப் பார்த்தார், கியரைப் பார்த்தார். கடைசியாக மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னை வாங்கிக்கொண்டார். என் கால்சட்டை நனைந்திருந்ததற்குக் கடல் காரணம் என்று எல்லோரும் பெருந்தன்மையாக நம்பினார்கள்.

டிரைவர்கள் ஓடி வந்து, மூக்கு ஜீப்பில் கயிறு கட்டி யுத்த ஜீப்பை வெளியே இழுத்தார்கள். உடனே சண்டை மறுபடி கிளம்பிவிட்டது. இழுத்தது புதுசுதானே என்று ஒரு கட்சி. எஞ்சினே ஓடாமல் கடல் வரைக்கும் போனது எது என்று இன்னொரு கட்சி.

“பழசே இருக்கட்டும்” என்றார் அய்யா. “கெழவிக ஏறி எறங்கத் தாழ்வா இருக்கு. பேட்டரியிலயே இம்புட்டுத் தூரம் போற வண்டி, எஞ்சினோட எங்கயும் போகும்.”

கூட்டம் மாமாவைப் பார்த்துத் திரும்பியது. இனி அவர் ஏறி வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மாமாவின் முகம் வெளுத்திருந்தது. ராகு காலம் வேறு முடிந்துபோயிருந்தது.

அப்போதுதான் அய்யா அந்தக் காரியத்தைச் செய்தார். தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, ஊர் கேட்கச் சொன்னார்: “ஓட்டுறதுக்குச் சம்பளத்துக்கு ஆள் வச்சுக்கிருவோம். தொரைமாருக்கு ஓட்டுன கைய நாம கூலிக்கு ஓட்டச் சொல்லலாமா? வாரவுகளுக்கு ஒரு வேளைச் சோறு போட்டா இன்னும் நாலு பேரு வருவாக. அந்தச் சமையலுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேணும். அத மாப்பிள பாத்துக்கிட்டா எனக்குக் கவலையில்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலுக்குள் போன ஜீப்பை ஒற்றை ஆளாக நிறுத்தியவரை ஊர் நடுவில் வைத்துச் சோறாக்கச் சொல்கிறாரே. மாமாவின் புகழ் அய்யாவுக்குப் பொறுக்கவில்லை என்று தீர்மானித்தேன். வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். மத்தியானம் சாப்பிட மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்தேன், மாமாவும் ரோஷத்தோடு இலையைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார் என்று காத்திருந்தேன்.

மாமா மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நடுவில், “குழம்புக்குப் புளி ஒரு நெல்லிக்கா அளவு கொறச்சிருக்கணும்க்கா” என்று வேறு சொன்னார்.

அம்மா அதைவிடக் கொடுமை செய்தாள். பாறை மீனில் நடுத்துண்டு எங்கள் வீட்டில் எப்போதும் அவள் தம்பிக்குத்தான். அன்றைக்கு அதை எடுத்து, நிமிர்ந்தும் பார்க்காமல், அய்யாவின் இலையில் வைத்தாள். வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பியை இப்படி அவமானப்படுத்திய மனுஷனுக்கு நடுத்துண்டா என்று நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.